யாருடைய சாவி

விழிக்கும்போது உள்ளங்கையில்
யாருடைய சாவி என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒருமுறை கணக்கு வாத்தியாரின் டொயோட்டா.
ஒருமுறை பேக்கரி ஷட்டரின் சாவி, மாவு வாசத்தோடு.
ஒருமுறை டாக்ஸிக்காரர் வண்டியை ஓரங்கட்டி
இன்ஜினிலிருந்து உருவித் திணித்தது.
அன்று பதினாலு பேர்
வேலைக்குத் தாமதம், என்னால்.

சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளை
இதற்குள் நான் திறந்திருக்கலாம்.
எங்கள் வீட்டுக் குளியலறைக்கோ
தாழ்ப்பாளே இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா கழற்றினார்.
நாலு திருகாணித் துளைகள்
இன்னும் கதவில் இருக்கின்றன.
நான் குளிக்கையில் வெளியே நின்று
அம்மா பேசிக்கொண்டே இருப்பாள்:
தக்காளி விலை, சித்தப்பாவின் விவாகரத்து,
எதையாவது.
நடுவில் ஒரு 'ம்' போடாவிட்டால்
கதவு திறந்துவிடும்.

பதினாறு வயதில்
சோப்பு நுரைக்குள் நின்று 'ம்' சொல்வது
எப்படி இருக்கிறது என்று
கிளினிக் தாளில் கேள்வி கிடையாது.
வேறு கேள்விகள் உண்டு.
கடந்த நான்கு வாரங்களில்
எத்தனை முறை சோர்வாக உணர்ந்தீர்கள்?
நண்பர்களோடு வெளியே போவதைத் தவிர்த்தீர்களா?
எல்லாவற்றிலும் 'சில வேளை' என்று குறித்தேன்.
அதைக் குறித்தால்
யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

மின்வெட்டுக்குக்கூட இங்கே அட்டவணை உண்டு.
ஆறிலிருந்து எட்டரை என்று கைபேசி சொல்லிவிடும்,
அம்மா சோற்றை முன்கூட்டியே ஏற்றிவிடுவாள்.
எனக்கு வருமுன்
நாக்கில் ஒரு செப்புக்காசின் சுவை.
இடது காதில் யாரோ
கோவஷ்னி என்பதைத் தப்பாக உச்சரிப்பது.
அவ்வளவுதான் நோட்டீஸ்.

தைப்பூசத்தன்று கோயில் முற்றத்தில்
பெரியம்மா ஆடி விழுந்தாள்.
விழி செருகியது, பல் நெறித்தது.
காலுக்குத் தண்ணீர் ஊற்றி,
வரிசையில் நின்று திருநீறு வாங்கினார்கள்.
மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று
ஒருவர் அழுதுகொண்டே கேட்டார்.

அடுத்த வெள்ளி, அதே முற்றத்தில் நான்.
பிள்ளைகளை அப்பால் இழுத்துப் போனார்கள்.
கையில் உண்டியல் சாவி.
என்னிடமும் ஒன்று கேட்டார்கள்:
மாத்திரை போட்டியா?

நோக்வாஸியிடம் சாவி இல்லை.

போன செவ்வாய், மைதானத்துக்குப் பின்னால்.
விழித்தபோது கை காலியாக இருந்தது.
அதுதான் பயமாக இருந்தது.
தலைக்கடியில் அவளுடைய பிளேஸர்.
என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள்.
'ஒரு நிமிடம் ஐம்பது வினாடி' என்றாள்
கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்,
நான் ஏதோ ஓட்டப்பந்தயம் முடித்து
வந்தவளைப்போல.

இத்தனை வருடத்தில்
நான் இல்லாத நேரத்தில் என்ன நடந்தது என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
பயந்துவிட்டோம் என்பார்கள், அதோடு சரி.
அவள் சொன்னாள்:

ஒரு மைனா வந்து உன் சமூசாவில் பாதியைக் கொத்தியது.
எட்டாம் வகுப்புப் பையன்கள்
போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்,
ஷூவைக் கழற்றி அடித்தேன்,
அது வேலி தாண்டிப் போய்விட்டது.
மேலே ஒரு விமானம். ரொம்பத் தாழ்வாக.
அப்புறம் நீ குறட்டை விட்டாய்.

நானா?

ஆமாம். எங்கள் மாமாவைப்போல.

சிரித்தபோது கடித்த நாக்கு எரிந்தது.
தலை பாறையாகக் கனத்தது.
உட்கார்ந்திரு என்று சொல்லிவிட்டு
ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே
வேலியோரம் ஷூ தேடப் போனாள்.

அன்று மாலை குளியலறைக்கு வெளியே
அம்மா வெங்காயத்தில் இருந்தாள்,
பத்துக் கிலோ மூட்டை என்ன விலை என்று.
நான் 'ம்' சொல்லவில்லை.
கதவு அசைவதற்குள்
அம்மா, இன்றைக்கு ஒரு மைனா, என்று தொடங்கினேன்.
சமூசா, ஷூ, விமானம்,
குறட்டைவரை சொன்னேன்.
தண்ணீர் ஆறிப்போகும்வரை சொன்னேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்
அம்மா
'ம்' என்றாள்.